மணம்: இயல்பு

காய்ச்சல் நான்கு நாளில் விட்டுவிட்டது. மூக்குதான் திரும்பி வரவில்லை.

முதல் வாரம் சளி என்று நினைத்தாள். இரண்டாவது வாரம் எழுந்ததும் எழாததுமாகச் சோப்பை எடுத்து மோந்து பார்த்தாள். காபித்தூள் டப்பாவுக்குள் முகத்தையே நுழைத்துப் பார்த்தாள். தும்மல் வந்ததே தவிர வாசனை வரவில்லை. மூன்றாவது வாரத்தில் நாட்களை எண்ண ஆரம்பித்தாள். வேறு ஏதாவது வேலையில் இருந்திருந்தால் வீட்டில் சொல்லிப் புலம்பிவிட்டு டாக்டரிடம் போயிருப்பாள். ஆனால் அவள் வேலை பார்த்தது நறுமண எண்ணெய் தயாரிக்கும் ஒரு சிறிய கம்பெனியின் ஆய்வகத்தில். பதினோரு வருடமாக. அங்கே மூக்கு செத்தவளை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? அதனால் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. லிஃப்ட் பொருத்தும் வேலைக்காக இரண்டு மாதம் வெளியூர் போயிருந்த கணவனிடம்கூடப் போனில் சொல்லவில்லை.

அந்தக் கம்பெனியிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு எண்ணெய்க்கும் இரண்டு சோதனை உண்டு. ஒன்று மூக்கு. மெல்லிய காகிதப் பட்டையின் நுனியை எண்ணெயில் தோய்த்து, மோந்து பார்த்து, சான்றிதழில் 'மணம்' என்ற கட்டத்தில் 'இயல்பு' என்றோ 'இயல்பு அல்ல' என்றோ எழுத வேண்டும். இன்னொன்று கருவி. உள்ளே முடியளவு மெல்லிய குழாய் ஒன்று முப்பது மீட்டர் நீளத்துக்குச் சுருண்டு கிடக்கும். ஒரு துளியில் பாதிகூட இல்லாத எண்ணெயை ஊசியால் செலுத்தினால், சூட்டில் அது ஆவியாகி அந்தக் குழாய்க்குள் ஓடும். எண்ணெய்க்குள் இருக்கும் ஒவ்வொரு வேதிப்பொருளும் தனக்கென்று ஒரு வேகத்தில் ஓடி, தனக்கென்று ஒரு நேரத்தில் வெளியே வந்து, திரையில் ஒரு மேடாக எழும். மேட்டின் நேரத்தை வைத்துப் பெயர், பரப்பை வைத்து அளவு. முக்கால் மணி நேரம் காக்க வைத்துவிட்டுத்தான் வாயைத் திறக்கும், திறந்தால் குறைதான் சொல்லும் என்பதால் கம்பெனியில் அந்தக் கருவிக்குப் பெயர் 'மாமியார்'.

அந்த மேடுகளை அவள் தெருக்காரர்களைப் போல அறிந்திருந்தாள். முதல் ஆளாகப் பைனீன் அவசரமாக ஓடி வரும். பிறகு லிமோனீனும் சினியோலும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வரும். லினலூல், கற்பூரம், அப்புறம் டெர்பினியால். எந்த எண்ணெயில் எது தலைவர், எது எடுபிடி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். மூக்கு போன பிறகு அந்த மேடுகளையே நம்பி நாளை ஓட்டினாள். காகிதப் பட்டையைத் தோய்த்து எடுத்துக்கொண்டு நேராகக் கலவை அறைக்குப் போவாள். அங்கே எண்ணெய்களைக் கலக்கும் கலவைக்காரரிடம் நீட்டி, இது எப்படி இருக்கிறது என்று ஏதோ விளையாட்டுக்குக் கேட்பது போலக் கேட்பாள். அவர் பேச்சுக்குப் பஞ்சமில்லாத ஆள். பச்சையாக இருக்கிறது, பழைய புத்தகம் மாதிரி இருக்கிறது என்று ஏதாவது சொல்லுவார். அதைக் கேட்டுவிட்டு வந்து கட்டத்தை நிரப்புவாள். கையெழுத்து அவளுடையது. அப்படிப் பத்தொன்பது எண்ணெய்கள் வெளியே போயிருந்தன.

அந்தத் திங்கட்கிழமை கலவைக்காரர் மத்தியானத்தோடு கிளம்பிவிட்டார். கடைவாய்ப் பல் வீங்கி, பேச்சே வராமல், கையால் ஜாடை காட்டிவிட்டுப் பல் டாக்டரிடம் போனார். அவர் காலையில் கலந்து வைத்திருந்த எண்ணெய் மூன்று சிறிய கேன்களில் காத்திருந்தது. இதய அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் உடம்பு தேறும்வரை தங்கும் ஒரு பராமரிப்பு இல்லத்துக்கானது. யூகலிப்டஸ், ரோஸ்மேரி, லாவெண்டர் மூன்றும் சேர்ந்த கலவை. அதைச் சாதாரண எண்ணெயில் கலந்து நோயாளிகளின் முதுகிலும் காலிலும் தேய்த்துவிடுவார்கள். ஆர்டரோடு ஒரு நிபந்தனை வந்திருந்தது, சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு: விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு சொட்டுகூட இருக்கக் கூடாது. வலி மருந்துகளில் மூக்கைத் துளைக்கிற அந்த வாசனை விண்டர்கிரீனுடையதுதான். அதில் கிட்டத்தட்ட முழுவதும் மெத்தில் சாலிசிலேட் என்ற ஒரே பொருள். அது தோல் வழியாக ரத்தத்துக்குள் இறங்கும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது சேர்ந்தால் ரத்தம் அளவுக்கு மீறி இளகிப்போகும். அந்த இல்லத்தில் இருந்தவர்கள் பெரும்பாலும் அந்த மாத்திரைக்காரர்கள்.

எண்ணெயைக் கருவியில் ஏற்றினாள். அன்று காலையில்தான் அதன் குழாயின் முனை அழுக்கேறியிருந்ததென்று ஒரு சாண் வெட்டி எறிந்திருந்தாள். அதனால் எல்லா மேடுகளும் சில நொடி முன்னதாகவே வந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தாள். பதினான்காம் நிமிடத்தில், டெர்பினியாலின் இடத்தில், ஒன்பது சதவீதம் காட்டியது. வழக்கமாக மூன்று, மிஞ்சினால் நான்கு. மனசுக்குள் ஏதோ நெருடியது. யூகலிப்டஸ் புது ஆளிடம் வாங்கியது, அவன் சரக்கில் டெர்பினியால் கூடுதலாக இருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அளவும் அனுமதித்த வரம்புக்கு உள்ளேதான் இருந்தது. கீழே வேன்காரர் இரண்டு முறை ஹாரன் அடித்தார். பட்டையைத் தோய்த்து மூக்கருகே வைத்தாள். வெறும் காற்று. நீட்டிக் கேட்கக் கலவைக்காரர் இல்லை. வேறு யாரிடமாவது நீட்டினால், ஏன் கேட்கிறாய் என்று கேள்வி வரும்.

'இயல்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பட்டையை வழக்கம் போலச் சிறிய பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கோட்டுப் பைக்குள் செருகினாள். வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. செவ்வாய்க்கிழமை அந்த ஒன்பது சதவீதம் ஞாபகத்துக்கு வந்தது. புதன்கிழமையும் வந்தது. வியாழக்கிழமை வேறு வேலை நெருக்கியதில் வரவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம், வாரத்துக்கு ஒருமுறை துவைக்கப் போடும் கோட்டை நாத்தனார் எடுத்தாள். கணவனின் தங்கை, தையல் கடை வைத்திருக்கிறாள், இவர்களோடுதான் இருக்கிறாள். துணியை நனைப்பதற்கு முன்னால் பைகளைத் துழாவும் பழக்கம் அவளுக்குத் தொழிலோடு வந்தது. உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"யாருக்கு அண்ணி சுளுக்கு?"

காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் புரியாமல் நிமிர்ந்தாள்.

"வலிக்குத் தேய்ப்போமே, அந்த மருந்து வாசனை அடிக்குது இதுல."

கத்தியைக் கீழே வைத்தாள். கிட்டே வந்து உறையைப் பார்த்தாள். அதன் மேல் தேதியும் எண்ணும் அவள் கையெழுத்திலேயே இருந்தன. திங்கட்கிழமை. மூன்று கேன். இன்னொரு தடவை நன்றாக மோந்து பார்த்துச் சொல் என்று நாத்தனாரைக் கேட்டாள்.

நாத்தனார் மோந்து பார்க்கவில்லை. பட்டையை அவளிடமே நீட்டினாள். "நீங்களே பாருங்களேன்."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை.

"தெரியல, இல்ல?" என்றாள் நாத்தனார் மெதுவாக. "அன்னைக்குத் திரிஞ்ச பாலுல காபி போட்டுக் கொடுத்தீங்களே, அப்பவே தெரியும் எனக்கு."

"ஏன் கேக்கல?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

அழுவதற்கு நேரமில்லை. ஆய்வகச் சாவி அவள் கைப்பையிலேயே இருந்தது. கிளம்பும்போது நாத்தனாரும் செருப்பை மாட்டினாள். எதற்கு என்று கேட்டதற்கு, மோந்து பார்க்க ஒரு ஆள் வேண்டாமா என்றாள்.

பேருந்தில் நிற்கத்தான் இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்தபடி அவள் பதினான்காம் நிமிடத்தையே நினைத்துக்கொண்டிருந்தாள். டெர்பினியாலும் மெத்தில் சாலிசிலேட்டும் குணத்தில் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் அந்தக் குழாயில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நொடியில் வெளியே வரும். கூட்டத்துக்கு நடுவே ஒரே உயரத்தில் இரண்டு பேர் போனால் பின்னாலிருந்து பார்க்கிறவனுக்கு யார் யாரென்று தெரியுமா? கருவிக்கும் தெரியாது. வந்த நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு, பட்டியலில் இருக்கிற பெயரை எழுதிவிடும். இது படித்த காலத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்த விஷயம். அதனால்தான் அங்கே மூக்கு தேவைப்பட்டது. விண்டர்கிரீனை மோந்து பார்த்து யாரும் வேறொன்று என்று ஏமாற மாட்டார்கள். சளி பிடித்த வேன்காரர்கூட ஏமாற மாட்டார்.

நின்றபடியே கலவைக்காரருக்குப் போன் போட்டாள். பல் பிடுங்கிய பின் அவருக்குப் பேச்சு திரும்பியிருந்தது. திங்கட்கிழமைக்கு முன்னால் அந்தக் கலவைக் கலனில் என்ன கலந்தீர்கள் என்று கேட்டாள். விளையாட்டு வீரர்களுக்கான வலி எண்ணெய், ஆனால் மூன்று தடவை கழுவிவிட்டேன், தங்கச்சிக்கு ஏன் திடீரென்று சந்தேகம் என்றார்.

"அண்ணே, அடி வால்வைக் கழட்டிக் கழுவுனீங்களா?"

மறுபக்கம் சத்தமே இல்லை. அவர் பேசாமல் இருந்து அவள் கேட்டதில்லை.

"பல்வலிம்மா," என்றார் கடைசியில். "கழட்டல."

மற்ற எண்ணெய்கள் எல்லாம் தண்ணீரில் மிதக்கும். கழுவினால் தண்ணீரோடு மேலே வந்து போய்விடும். விண்டர்கிரீன் தண்ணீரைவிடக் கனமானது. அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை முறை கழுவினாலும் அடிக்குழாயின் வளைவிலும் வால்வின் குழிக்குள்ளும் அது அப்படியே இருந்திருக்கும். அடுத்த கலவை வந்ததும் அதில் கலந்திருக்கும்.

கம்பெனியில் காவலாளியைத் தவிர யாருமில்லை. ஆய்வகத்தில் விளக்கைப் போட்டு, திங்கட்கிழமை எடுத்து வைத்த மாதிரிக் குப்பியை அலமாரியிலிருந்து எடுத்தாள். நாத்தனார் மூடியைத் திறந்து மோந்துவிட்டு, அதே வாசனைதான், யூகலிப்டஸும் சேர்ந்து அடிக்கிறது என்றாள். ஆனால் அடுத்தவர் மூக்கை மட்டும் நம்பி இனி ஒரு காரியமும் செய்ய அவளுக்கு மனசு வரவில்லை. கீழ்த்தட்டின் மூலையில் ஃபெர்ரிக் குளோரைடு கரைசல் இருந்தது, மங்கிய மஞ்சள் நிறத்தில். இரண்டு சோதனைக் குழாய்களில் கொஞ்சம் ஆல்கஹால் ஊற்றினாள். ஒன்றில் சுத்தமான டெர்பினியால் இரண்டு சொட்டு, மற்றதில் திங்கட்கிழமை எண்ணெய் இரண்டு சொட்டு. முதல் குழாயில் மஞ்சள் கரைசலை விட்டாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

இரண்டாவதில் விட்டாள். விட்ட இடத்திலிருந்து ஊதா நிறம் கிளம்பி, குலுக்கியதும் குழாய் முழுவதும் கத்தரிப்பூ நிறத்தில் நிறைந்தது.

"அழகா இருக்கே அண்ணி," என்று ஆரம்பித்த நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

ஸ்டூலில் உட்கார்ந்தாள். அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு யோசனை வந்ததை அவள் பிற்பாடும் மறுத்ததில்லை. குழாயை வெட்டியதால் நேரம் தப்பிவிட்டது, கருவி பெயரை மாற்றி எழுதிவிட்டது என்று சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். முக்கால்வாசி உண்மையும்கூட. மூக்கு விஷயம் இந்த அறையில் இருக்கிற இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

முதலில் பராமரிப்பு இல்லத்துக்குப் போன் செய்தாள். தலைமைச் செவிலியர் எடுத்தார். யார் என்பதைச் சொல்லிவிட்டு, "சிஸ்டர், நாங்க அனுப்புன எண்ணெய இப்பவே நிறுத்திடுங்க. அதுல விண்டர்கிரீன் கலந்திருக்கு," என்றாள்.

அந்தப் பக்கம் பதற்றமில்லை. பேனாவை எடுக்கும் சத்தம் கேட்டது. எவ்வளவு என்று கேட்டார். ஒன்பது சதவீதம், அதில் டெர்பினியாலும் கொஞ்சம் இருக்கும், ஆனால் முழுவதும் விண்டர்கிரீன் என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். நான்கு மடங்கு எண்ணெயில் கலந்து, தினம் இரண்டு வேளை, பதினோரு பேருக்கு, செவ்வாய்க்கிழமையிலிருந்து என்று செவிலியர் தமக்குத்தாமே சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு பேனாவைக் கீழே வைத்தார்.

"ஒருத்தருக்கு முதுகுல கன்னிப்போயிருக்கு. வியாழக்கிழமை பார்த்தோம். இன்னைக்குக் காலையில மூக்குல ரத்தம் வந்துச்சு."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

"தேய்க்கிற பொண்ணு அழுத்தித் தேய்ச்சிடுச்சுன்னு நினைச்சோம்," என்றார் செவிலியர். "நேத்து அதை வேலைக்கு வர வேணாம்னு சொல்லிட்டேன்." அதற்கு மேல் அந்தப் பேச்சை வளர்க்காமல், டாக்டரைக் கூப்பிடுகிறேன், பதினோரு பேருக்கும் ரத்தம் பார்க்க வேண்டும், உங்கள் நம்பரைக் கொடுங்கள் என்றார்.

அடுத்து மேலாளர். அந்த அம்மாள் வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது; விஷயம் தொடங்கியதும் அணைந்தது. வால்வு, ஒரே நொடி, ஊதா நிறம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, அவள் எந்தக் கேள்விக்குப் பயந்தாளோ அதையே கேட்டார்.

"மோந்து பார்த்தியா, இல்லையா?"

"பார்த்தேன் மேடம். எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சல் வந்ததுலேர்ந்து தெரியல."

"எத்தனை நாளா?"

"இன்னையோட முப்பத்திரண்டு நாள்."

மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றியது. இத்தனை நாளில் எத்தனை சான்றிதழ் என்று கேட்டார். இதோடு இருபது என்றாள். காலையில் ஒன்பது மணிக்கு வந்துவிடு, சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போ என்று சொல்லி வைத்துவிட்டார். பதினோரு வருடத்தில் அந்தச் சாவியை அவள் யாரிடமும் கொடுத்ததில்லை.

வீட்டுக்கு வந்து நறுக்கிப் போட்டிருந்த காயை நாத்தனார்தான் சமைத்தாள். இவள் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதுகு கன்னியவரை அவள் பார்த்ததில்லை. எத்தனை வயது, எப்படி இருப்பார், இருமும்போது ரத்தம் வருமோ, மண்டைக்குள் வந்தால் என்ன ஆகும் என்று நினைப்பு அதன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. கணவன் வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டான். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகு நேரம் கேட்டுவிட்டு, என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குச் செவிலியர் கூப்பிட்டார். பதினோரு பேரில் எட்டுப் பேருக்கு ரத்தம் சரியாக இருக்கிறது. இரண்டு பேருக்குக் கொஞ்சம் கூடியிருக்கிறது, மாத்திரையை ஒரு நாள் நிறுத்தியிருக்கிறோம். முதுகு கன்னிய அந்தப் பதினோராவது ஆளுக்கு மட்டும் ரத்தம் மிகவும் இளகியிருந்தது. மாற்று மருந்து கொடுத்திருக்கிறார்கள். எண்ணெய் மட்டும்தான் காரணமா என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை, ஆனால் அதை இன்னும் நாலு நாள் தேய்த்திருந்தால் கதை வேறு என்றாராம். எழுந்து உட்கார்ந்திருக்கிறாரா என்று அவள் கேட்டாள். உட்கார்ந்து டீ சரியில்லை என்று சண்டை போடுகிறார் என்றார் செவிலியர்.

ஒன்பது மணிக்குக் கம்பெனியில் மேலாளரும் கலவைக்காரரும் இருந்தார்கள். மீதிப் பத்தொன்பது மாதிரிக் குப்பிகளையும் மேஜையில் வரிசையாக வைத்து இருவரும் ஒவ்வொன்றாக மோந்தார்கள். அவள் சுவரோரம் நின்று பார்த்தாள். ஒவ்வொரு மூடி திறக்கும்போதும் அவர்கள் முகத்தையே பார்த்தாள். ஒரு எலுமிச்சை எண்ணெய் மட்டும் கொஞ்சம் பழசடித்தது. மற்றவை சரியாக இருந்தன. அடி வால்வைக் கழற்றிக் கவிழ்த்தபோது இரண்டு ஸ்பூன் அளவுக்கு எண்ணெய் கொட்டியது. கலவைக்காரர் அதைப் பார்த்துவிட்டு வால்வை எடுத்துக்கொண்டு போய்த் தானே கழுவ ஆரம்பித்தார்.

"நீ பொய் சொன்னதுக்கு உன்ன வேலைய விட்டு அனுப்பணும்," என்றார் மேலாளர். "நீயே கூப்பிட்டுச் சொன்னதுக்கு வச்சுக்கணும். எது பெருசுன்னு எனக்கு இன்னும் பிடிபடல." முடிவு தெரியும்வரை எதிலும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லிவிட்டு, வேனில் போய்க் கேன்களைத் திருப்பி எடுத்து வரச் சொன்னார்.

பராமரிப்பு இல்லம் மூன்று மாடிக் கட்டடம். கேன்களை வேனில் ஏற்றிய பிறகு, அவரைப் பார்க்கலாமா என்று செவிலியரிடம் கேட்டாள். ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர் அவர். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மூக்கில் பஞ்சு. சட்டை பின்பக்கம் திறந்திருந்ததில் தோள்பட்டைக்குக் கீழே கறுத்த ஊதாத் திட்டு உள்ளங்கை அகலத்துக்கு இருந்தது. சோதனைக் குழாயில் பார்த்ததைவிடக் கறுப்பு.

எண்ணெய் அனுப்பிய அம்மா நீங்கள்தானா என்று கேட்டார். ஆமாம் என்றாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வரும் வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த சொற்கள் அவளுக்குப் பாதிதான் வந்தன. அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"எனக்கு ஆனது ஆச்சு, நான் பிழைச்சுக்குவேன். அந்தப் பொண்ண வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அது பூ மாதிரி தேய்க்கும். நான் சொன்னா யாரு கேட்டா இங்க? நீங்க போய் அதுகிட்டச் சொல்லுங்க."

செவிலியர் முந்தின இரவே அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து திரும்ப வரச் சொல்லியிருந்தார். அந்தப் பெண் சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. அவள் செவிலியரிடம் முகவரியை வாங்கிக்கொண்டாள். வேன்காரரைக் கேன்களோடு அனுப்பிவிட்டு நடந்தே போனாள். பத்து நிமிட தூரம்தான். அவளுக்கு அது போதவில்லை.

சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே ஒற்றை அறை. கதவைத் திறந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். உள்ளே வரச் சொல்லவில்லை. படிக்கட்டிலேயே நின்றபடி அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: வால்வு, ஒரே நேரத்தில் வரும் இரண்டு பொருள்கள், தன் மூக்கு, தெரியாமலே எழுதிய 'இயல்பு'. சின்ன விஷயமாக்கிச் சொல்லவில்லை. உங்கள் கையில் எந்தத் தப்பும் இல்லை, தப்பு என் கையெழுத்தில் என்று முடித்தாள்.

அந்தப் பெண் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமையிலேர்ந்து என் கையையேதான் பார்த்துட்டு இருக்கேன்," என்றாள். "எப்ப அழுத்துனேன், எங்க அழுத்துனேன்னு. ராத்திரி தலகாணில அழுத்திப் பார்த்தேன், எவ்வளவு பலம் போகுதுன்னு. அழுத்தவே இல்லன்னு எனக்குத் தெரியும். ஆனா சிஸ்டர் சொன்னப்புறம் எனக்கே நம்பிக்கை போயிடுச்சு."

கேட்டுக்கொண்டிருந்தவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"உங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல, வாசனை வரலன்னு?"

"தெரியும்."

"அப்ப எனக்கு உங்க மேல கோவம் இருக்கும். சொல்லிடறேன்."

"இருக்கட்டும்," என்றாள். அதைத் தவிர வேறு எதுவும் அங்கே சொல்லத் தகாது என்று பட்டது. இதையெல்லாம் அப்படியே எழுதிச் செவிலியரிடம் கொடுப்பீர்களா, நாளைக்கு யாரும் வேறு மாதிரி பேசக் கூடாது என்று அந்தப் பெண் கேட்டாள். அறைக்குள்ளிருந்து ஒரு நோட்டும் பேனாவும் வந்தன. படியில் உட்கார்ந்து, தன் பெயர், வேலை, நடந்தது எல்லாவற்றையும் ஒரு பக்கத்துக்கு எழுதினாள். அந்தப் பெண் வரி விடாமல் படித்துப் பார்த்துவிட்டு, தேதி போடவில்லை என்று சுட்டிக்காட்டினாள். போட்டாள்.

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் வேலைக்குத் திரும்பினாள். ரயில் ஓட்டுநரின் முதுகு கறுப்பிலிருந்து பச்சையாகி, மஞ்சளாகி, மூன்று வாரத்தில் பழைய நிறத்துக்கு வந்ததாகச் செவிலியர் சொன்னார். அந்த இல்லம் அதற்குப் பிறகு இந்தக் கம்பெனியில் எண்ணெய் வாங்கவில்லை.

மேலாளர் பத்து நாள் கழித்து முடிவைச் சொன்னார். வேலை உண்டு. எச்சரிக்கைக் கடிதம் உண்டு. கருவி அவளுடையது, மணக் கட்டத்தில் இனி இரண்டு பேர் தனித்தனியாக மோந்து கையெழுத்துப் போட வேண்டும், அந்த இரண்டில் அவள் இல்லை. பதினான்காம் நிமிடத்தில் மேடு எழுந்தால், அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் ஃபெர்ரிக் குளோரைடு போட்டுப் பார்க்காமல் எண்ணெய் வெளியே போகாது. இந்தக் கடைசி விதியை எழுதிக் கொடுத்தது அவளேதான்.

மூக்கு டாக்டர் நரம்பு மெதுவாகத்தான் தேறும் என்றார். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு வருவதே இல்லை. எத்தனை பேருக்கு வருவதில்லை என்று அவள் கேட்டாள். டாக்டர் எண்ணைச் சொன்னார். அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, வெளியே வந்து, அடுத்த பேருந்துக்காக நின்றாள். மணி எட்டே முக்கால். ஒன்பதரைக்குக் கருவியைச் சூடேற்ற வேண்டும்.